வெள்ளத்துக்கு வீடு தெரியாது, ஆனால்: காலநிலை மாற்றத்தின் சமூகப் பக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை மாற்றம் பற்றிப் பேச்சு எடுத்தாலே சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

இது விஞ்ஞானிகள் பார்க்க வேண்டிய விஷயம். இதில் சமூகம் எங்கிருந்து வந்தது?

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு வெப்ப அலை வந்தது. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். எவ்வளவு வெப்பம், எத்தனை நாள் என்பதை வானிலை ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். யார் இறந்தார்கள், ஏன் அவர்கள் மட்டும் என்ற கேள்வி சமூகவியலாளர்களிடம் வந்தது. இறந்தவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். திருட்டுக்குப் பயந்து சன்னலைத் திறக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார்கள். இரண்டிலும் வறுமை, இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள், இரண்டுக்கும் ஒரே வெயில். ஆனால் வடக்கு லாண்டேலில் இறப்பு வீதம் தெற்கு லாண்டேலைப் போலப் பத்து மடங்கு. தெற்கில் தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, கடைகள் இருந்தன. முதியவர்கள் வெளியே வந்தார்கள், வராதவர்களை யாராவது எட்டிப் பார்த்தார்கள். வடக்கில் காலி மனைகளும் பூட்டிய கதவுகளும்தான். வெப்பமானியில் இந்த வித்தியாசம் தெரியாது. சமூகம் வந்தது இங்கிருந்துதான்.

வெள்ளம் வந்தால் பணக்காரன் வீட்டுக்கும் வரும், ஏழை வீட்டுக்கும் வரும். அப்புறம் என்ன வித்தியாசம்?

தண்ணீர் வடிந்த பிறகு தெரியும் வித்தியாசம். ஒருவருக்குக் காப்பீடு இருக்கிறது, வங்கியில் பணம் இருக்கிறது, சேதமான கார் போனால் வேறு கார் வரும். இன்னொருவருக்கு அந்தத் தண்ணீரில் போனது தையல் இயந்திரம். அதோடு வருமானமும் போனது. கடன் வாங்குகிறார், பிள்ளையின் படிப்பு நிற்கிறது, அடுத்த வெள்ளம் வரும்போது அவர் முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறார். பண மதிப்பில் பணக்காரரின் இழப்புதான் பெரிதாகப் பதிவாகும். நிவாரணக் கணக்குகள் பல நேரங்களில் அந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துபோகின்றன.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2022-இல் ஒரு கணக்கு சொன்னது. 2010 முதல் 2020 வரை வெள்ளம், வறட்சி, புயலால் இறந்தவர்களின் வீதம், பாதிப்புக்கு மிகவும் ஆளாகக்கூடிய பகுதிகளில் மற்ற பகுதிகளைப் போல 15 மடங்கு.

இதைத் தலைவிதி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 போலா புயலில் இறந்தவர்கள் குறைந்தது 3 லட்சம் பேர். 1991 புயலில் சுமார் 1,38,000. 2007-இல் வந்த சிட்ர் புயலும் மிகக் கடுமையானதுதான், அதில் இறந்தவர்கள் சுமார் 3,400. இடையில் அந்த நாடு பணக்கார நாடாகிவிடவில்லை. புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன. முன்னெச்சரிக்கை ஏற்பாடு வந்தது. கொடியும் ஒலிபெருக்கியுமாக வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள்.

பெண்களுக்குப் பாதிப்பு அதிகம் என்கிறார்கள். புயலுக்கு ஆண், பெண் தெரியுமா?

புயலுக்குத் தெரியாது. வீட்டுக்குத் தெரியும். மேலே சொன்ன 1991 புயலில் 20 முதல் 44 வயதுக்கு உட்பட்ட பெண்களின் இறப்பு வீதம் அதே வயது ஆண்களைப் போலக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. வீட்டு ஆண் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தது, கையில் குழந்தை, நீச்சல் தெரியாதது, ஓட விடாத உடை, முன்பின் தெரியாத ஆண்களோடு ஒரே கூடத்தில் தங்கத் தயங்கியது என்று பல காரணங்கள். பிறகு பாதுகாப்புக் கட்டடங்களில் பெண்களுக்குத் தனி அறை, கழிப்பறை, பெண் தன்னார்வலர்கள் என்று ஏற்பாடு வந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது.

ஆனால் இதைச் சூத்திரமாக்கிவிடக் கூடாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெள்ளத்தில் இறப்பவர்களில் ஆண்களே அதிகம். ஓடும் தண்ணீரில் காரை விடுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தானே. யார் எங்கே இருக்கிறார், யாருக்கு என்ன வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்து இடம் மாறும்.

வெப்பம் கூடினால் ஏசி போட்டுக்கொள்ளலாமே?

போட முடிந்தவர் போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது உயிர்காக்கும் கருவி. 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது பல வீடுகளில் அந்த வசதி இல்லை. ஆனால் ஏசி அறையின் சூட்டை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. அந்தத் தெருவில் நடப்பவருக்கும், பக்கத்துத் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவருக்கும் அது கூடுதல் சூடு.

அதைவிட முக்கியம், வெயிலில் நின்று செய்யும் வேலைக்கு ஏசி கிடையாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2030-க்குள் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2% வெப்பத்தால் வீணாகும். அது 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம். பெரும்பகுதி விவசாயத்தில், அடுத்தது கட்டுமானத்தில். தினக்கூலி வாங்குபவர் நிழலில் ஒதுங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் கையிலிருந்து போகும் பணம்.

செலவு குறைந்த வழிகள் உண்டு. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் 1,300-க்கும் மேற்பட்ட கூடுதல் இறப்புகள் பதிவாயின. அதற்குப் பிறகு 2013-இல் அந்த நகரம் ஒரு வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவமனைகளுக்குப் பயிற்சி, தண்ணீர், நிழல். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. தெற்காசியாவில் அதுதான் முதல், பிறகு பல நகரங்கள் பின்பற்றின.

மக்கள்தொகை பெருகியதுதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் மனதில் பெரும்பாலும் ஏழைகளின் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகில் அதிக உமிழ்வு செய்யும் பத்து சதவீதத்தினர்தான் பூமியைச் சூடாக்கும் மொத்த பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய பாதிக்குப் பொறுப்பு. கீழ்ப் பாதி மக்கள், அதாவது 400 கோடிப் பேர், சேர்ந்து வெளியிடுவது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். உலக மக்களில் ஆறில் ஒருவருக்கும் மேல் ஆப்பிரிக்காவில் வாழ்கிறார்கள். எரிபொருள் வழி உமிழ்வில் அந்தக் கண்டத்தின் பங்கு 4 சதவீதத்தைச் சுற்றியே இருக்கிறது.

எண்ணிக்கைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மக்கள்தொகை வேகமாகப் பெருகும் இடங்களில் ஆளுக்கு உமிழ்வு மிகக் குறைவு. ஆளுக்கு உமிழ்வு அதிகமுள்ள இடங்கள் பலவற்றில் மக்கள்தொகை ஏறவே இல்லை. விறகடுப்பைக் காட்டுபவர்களும் உண்டு. இருநூறு கோடிப் பேர் இன்னும் விறகிலும் சாணத்திலும் கரியிலும் சமைக்கிறார்கள். அந்தப் புகை முதலில் கொல்வது அடுப்படியில் நிற்பவரை. அவர்கள் எல்லோருக்கும் எரிவாயு கொடுத்தாலும் உலக உமிழ்வில் பெரிய மாற்றம் வராது.

அப்படியென்றால் அவரவர் தன் கார்பன் தடத்தை, அதாவது தன் வாழ்க்கைமுறையால் வெளியாகும் உமிழ்வைக் குறைத்தால் போதுமே?

குறைக்க இடம் உள்ளவர் குறைக்கட்டும். வருடத்தில் பலமுறை விமானம் ஏறுபவருக்கு அது நிஜமான பேச்சு. 2018-இல் உலகில் விமானத்தில் பறந்தவர்களே சுமார் 11% பேர்தான் என்று ஒரு கணக்கு உண்டு.

ஆனால் இந்தச் சொல்லின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். "உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?" என்ற கேள்வியை 2000-களின் தொடக்கத்தில் விளம்பரம் போட்டுப் பரப்பியவர்களில் முன்னணியில் நின்றது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். எண்ணெய் விற்பவர், வாங்குபவரைப் பார்த்து "நீ எவ்வளவு எரித்தாய்?" என்று கேட்கும் ஏற்பாடு. பேருந்தே இல்லாத ஊரில் இருப்பவரிடம் பொதுப் போக்குவரத்தில் போங்கள் என்று சொல்வதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. பேருந்து விடுவது ஒரு தனிமனிதர் எடுக்கக்கூடிய முடிவு கிடையாது.

வளர்ந்த நாடுகள் செய்ததற்கு நாம் ஏன் அனுபவிக்க வேண்டும்? அவர்கள் பணம் கொடுக்கிறார்களா இல்லையா?

கொடுக்கிறார்கள், தாமதமாகவும் குறைவாகவும். இதுவரை காற்றில் சேர்ந்த எரிபொருள் சார்ந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. இன்றைய ஆண்டு உமிழ்வில் சீனா முதலிடம். இந்த இரண்டு உண்மைகளில் எதைப் பிடித்துக்கொள்வது என்பதில்தான் ஒவ்வொரு மாநாடும் இழுபறியாகிறது. 1992 ஐ.நா. காலநிலை உடன்படிக்கையே "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு" என்று எழுதிவைத்திருக்கிறது.

2009-இல் கோபன்ஹேகனில், 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்களித்தன. அந்த அளவை எட்டியது 2022-இல். அதிலும் பெரும்பகுதி கடன். வீட்டை இடித்தவர் புதிதாகக் கட்டிக்கொள்ள வட்டிக்குப் பணம் தருகிறேன் என்பது போல. ஏற்கனவே நடந்துவிட்ட நாசத்துக்கென்று "இழப்பும் சேதமும்" நிதி 2022-இல் எகிப்தில் நடந்த மாநாட்டில்தான் முடிவானது, மறுஆண்டு செயல்வடிவம் பெற்றது. அதற்கு முதலில் அறிவிக்கப்பட்டது சுமார் 70 கோடி டாலர். ஒரே ஒரு பெரிய வெள்ளத்தின் சேதத்துக்குக்கூட அது காணாது. 2024-இல் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய இலக்கு வைத்தார்கள். வளரும் நாடுகள் கேட்டது இதைப் போலப் பல மடங்கு.

ஒரு எச்சரிக்கை. இந்த நியாயம் நாடுகளுக்கு இடையே மட்டும் பேசப்படுகிறது. ஏழை நாட்டின் பணக்காரர், தன் ஊர் ஏழையின் குறைந்த சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் நடக்கிறது.

"சூழலியல் மாற்றம்", "நீதியான மாற்றம்" என்றெல்லாம் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

சூழலியல் மாற்றம் என்பது மின்சாரம், போக்குவரத்து, விவசாயம், கட்டடம் ஆகியவற்றை இயற்கை தாங்கும் அளவுக்குள் கொண்டுவருவது. அந்தச் சுமையையும் பலனையும் யார் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று சேர்த்துக் கேட்டால் அது நீதியான மாற்றம்.

சுவையான விஷயம், இந்த இரண்டாவது சொல் சூழலியலாளர்களிடமிருந்து பிறக்கவில்லை, தொழிற்சங்கத்திலிருந்து வந்தது. அமெரிக்க எண்ணெய், ரசாயனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான டோனி மசோக்கி, நச்சுத் தொழிற்சாலைகளை மூடும்போது அங்கே வேலை செய்தவர்களுக்கும் ஒரு நிதி வேண்டும் என்று 1990-களில் பேசினார். நச்சு மண்ணைச் சுத்தம் செய்யப் பணம் ஒதுக்குகிறீர்கள், மனிதனுக்கு ஏன் இல்லை என்பதுதான் அவர் வாதம். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முன்னுரை வரை அந்தச் சொல் ஏறிவிட்டது.

நிலக்கரிச் சுரங்கத்தை மூடினால் அதை நம்பியிருக்கிற குடும்பங்கள் என்ன ஆகும்?

எப்படி மூடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் 1984-85 வேலைநிறுத்தம் தோற்ற பிறகு சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. காலநிலைக்காக மூடவில்லை, லாபம் இல்லை என்று மூடினார்கள். ஒரு ஊருக்கு ஒரே தொழில் என்று இருந்த இடங்களில் சுரங்கம் போனதும் கடை போனது, பேருந்து குறைந்தது, இளைஞர்கள் கிளம்பினார்கள். நாற்பது ஆண்டு கழித்தும் அந்தப் பழைய சுரங்கப் பகுதிகள் பல வேலைவாய்ப்பிலும் உடல்நலத்திலும் நாட்டின் சராசரிக்குக் கீழேதான் இருக்கின்றன. 2024 செப்டம்பர் 30-இல் கடைசி நிலக்கரி மின்நிலையம் நின்றபோது மின்துறை கொண்டாடியது. சுரங்க ஊர்களுக்கு அது எப்போதோ முடிந்த கதை.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் 1950-களில் லட்சக்கணக்கானோர் சுரங்கத்தில் இருந்தார்கள். அங்கே தொழிற்சங்கம், நிறுவனம், அரசு மூன்றும் உட்கார்ந்து பேசி, பல பத்தாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம், மற்றவர்களுக்கு மறுபயிற்சி. பல்கலைக்கழகமே இல்லாத பகுதியில் 1960-களில் பல்கலைக்கழகங்கள் திறந்தார்கள். 2018 டிசம்பரில் போட்ராப் நகரில் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் மூடியது. யாரையும் கட்டாயமாக வேலையை விட்டு அனுப்பாமல் முடிப்பது என்ற ஏற்பாட்டின்படி நடந்தது அது. செலவு மிகப் பெரிது, வேகம் மிகக் குறைவு, ரூர் இன்றும் ஜெர்மனியின் பணக்காரப் பகுதியாகிவிடவில்லை. நிலக்கரி மின்சாரத்தை 2038-க்குள் கைவிடும் சட்டத்தோடு, பாதிக்கப்படும் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியதும் அதே பாடத்திலிருந்துதான்.

எல்லா நாட்டிடமும் அந்தப் பணம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி நிலக்கரி மின்நிலையம் 2022 அக்டோபரில் நின்றது. மூடும் தேதி தெளிவாக இருந்தது. அதற்கப்புறம் அந்த ஊர் எதை வைத்துப் பிழைப்பது என்பதற்கான ஏற்பாடு பின்தங்கியது. நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையத்தில் இடம் கிடைத்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும், அவர்களை நம்பிக் கடை வைத்தவர்களுக்கும், அறை வாடகைக்கு விட்டவர்களுக்கும் அப்படி எதுவும் இல்லை. மூடல் திட்டங்களைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்தக் கடைசி வகையினரைத்தான். பெரும்பாலும் கிடைக்க மாட்டார்கள்.

பசுமை வேலைகள் அதைவிட அதிகமாக வரும் என்கிறார்களே?

மொத்தக் கணக்கில் வரலாம். ஆனால் வேலை போகும் ஊரிலேயே புது வேலை வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய வேலை போவது இந்த ஆண்டு, புது வேலை வருவது ஐந்து ஆண்டு கழித்து. சூரிய மின்பூங்காவில் கட்டும்போது ஆயிரம் பேர் தேவை, கட்டி முடித்ததும் பலகையைத் துடைக்கவும் காவலுக்கும் சிலர் போதும். சுரங்கத்தில் சங்கம் இருந்தது, அது போராடி வாங்கிய சம்பளம் இருந்தது. புது வேலை பல இடங்களில் ஒப்பந்தக்காரரிடம். ஐம்பது வயதுச் சுரங்கத் தொழிலாளியிடம் கணினி கற்றுக்கொள் என்பது பெரும்பாலும் மேடைக்குத்தான் நன்றாக இருக்கும். 2018-இல் ஸ்பெயின் தன் சுரங்கங்களை மூட 25 கோடி யூரோ ஒப்பந்தம் போட்டபோது, 48 வயதைத் தாண்டியவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தது. அது கொஞ்சம் நேர்மையான வழி.

பெட்ரோல், டீசல் விலையை ஏற்றினால் தானாகக் குறையாதா? ஏன் எல்லோரும் கொதிக்கிறார்கள்?

குறையும். யார் குறைக்கிறார் என்பதில்தான் சிக்கல். 2018 நவம்பரில் பிரான்சில் மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்தது எரிபொருள் வரி ஏறப்போகிறது என்றுதான். தெருவில் இறங்கியவர்களில் பலர் பாரிசுக்கு வெளியே, ரயிலும் பேருந்தும் சரியாக இல்லாத ஊர்களில், வேலைக்குத் தினமும் காரில் போக வேண்டியவர்கள். அதே ஆண்டு தொடக்கத்தில் அரசு செல்வ வரியை எடுத்துவிட்டு, அசையாச் சொத்துக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தது. பணக்காரருக்குத் தள்ளுபடி, எனக்கு வரியா என்பதுதான் கோபம். காலநிலையை அவர்கள் மறுத்தார்கள் என்று எழுதியவர்கள் அரைகுறையாகப் பார்த்தவர்கள். டிசம்பரில் வரி உயர்வு கைவிடப்பட்டது.

வரியில் வரும் பணத்தை மக்களுக்கே திருப்பித் தருவது ஒரு வழி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2008-இல் கார்பன் வரி (எரிபொருள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஏற்ற வரி) போட்டபோது வருமான வரியைக் குறைத்து, குறைந்த வருமானக்காரர்களுக்குத் தனித் தொகையும் கொடுத்தது. பிறகு கனடா நாடு முழுவதும் கொண்டுவந்த திட்டத்தில் பெரும்பாலான குடும்பங்கள் கட்டியதைவிடக் கூடுதலாகத் திரும்பப் பெற்றன. ஆனால் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் விலை கண்ணில் படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் சேரும் தொகை படவில்லை. பலருக்கு அப்படி ஒன்று வருவதே தெரியாது. 2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான அந்த வரி நிறுத்தப்பட்டது. ஈரான் 2010-இல் எரிபொருள் மானியத்தை வெட்டியபோது வரிசையை மாற்றியது. முதலில் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணம் போட்டுக் காட்டிவிட்டு, பிறகுதான் விலையை ஏற்றியது. பின்னாளில் விலைவாசி அந்தத் தொகையைத் தின்றுவிட்டது வேறு விஷயம். அந்த வரிசை புத்திசாலித்தனமானது.

காற்றாலையும் சூரிய மின்சாரமும் நல்லதுதானே, அதையும் ஏன் எதிர்க்கிறார்கள்?

மின்சாரத்தை எதிர்ப்பவர்கள் குறைவு. நிலம் யாருடையது, லாபம் யாருக்கு என்பதில்தான் தகராறு. நார்வேயின் ஃபோசென் பகுதியில் 150-க்கும் மேற்பட்ட காற்றாலைகள், சாமி பழங்குடியினர் கலைமான் மேய்த்த குளிர்கால நிலத்தில் எழுந்தன. 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அந்த அனுமதி அவர்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. காற்றாலைகள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. 2023-இல் இளைஞர்கள் அமைச்சகத்தை மறித்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

மறுபக்கம் டென்மார்க். கோபன்ஹேகன் கடலோரத்தில் 2000-இல் வந்த மிடல்குருண்டன் காற்றாலைகள் இருபதில் பாதி ஒரு கூட்டுறவுக்குச் சொந்தம், அதில் 8,000-க்கும் மேல் உறுப்பினர்கள். தன் பணம் சுற்றும் காற்றாலையின் சத்தம் காதுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கும்!

குத்தகை நிலத்தில் வரும் பெரிய சூரிய மின்பூங்காக்களில் இன்னொரு சிக்கல். நிலம் வைத்திருப்பவருக்கு வாடகை வருகிறது. அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் எந்தக் காகிதத்திலும் பெயர் இல்லை, அதனால் எதுவும் இல்லை. கோமாட்டியில் சொன்ன அந்தக் கடைசி வகையினர்தான் இங்கேயும்.

மின்கார் பேட்டரிக்குக் குழந்தைகள் சுரங்கத்தில் தோண்டுகிறார்களாமே? அப்புறம் எது பசுமை?

பல பேட்டரிகளில் சேரும் உலோகமான கோபால்ட்டில், உலக அளவில் சுமார் 70% காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அதில் ஒரு பகுதி கையால் தோண்டும் சிறு குழிகளிலிருந்து, அங்கே குழந்தைகள் வேலை செய்வதும் உண்மை. மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இதைச் சொல்லி "அதனால் பெட்ரோலே இருக்கட்டும்" என்று முடிப்பவர்களிடம், நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் எண்ணெய்க் கசிவோடு வாழும் மீனவர்களைப் பற்றி ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று கேட்பேன். நிலக்கரி ஆண்டுக்கு 800 கோடி டன்னுக்கும் மேல் தோண்டப்படுகிறது. ஒருமுறை எரித்தால் முடிந்தது, அடுத்த ஆண்டு மறுபடி தோண்ட வேண்டும். பேட்டரி உலோகத்தைத் திரும்ப எடுக்கலாம். கோபால்ட்டே இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இப்போது பெருமளவில் வந்துவிட்டன. அதனால் சிக்கல் தீர்ந்துவிடாது, வேறு உலோகத்துக்கு இடம் பெயரும். எல்லோருக்கும் ஒரு பெரிய மின்கார் என்பதைவிட நல்ல பேருந்துகள் என்றால் தோண்ட வேண்டியதும் குறையும்.

கோடிக்கணக்கான காலநிலை அகதிகள் எல்லை தாண்டி வருவார்கள் என்பது உண்மையா?

கோடிக்கணக்கில் என்பது சரி, எல்லை தாண்டி என்பது பெரும்பாலும் தவறு. உலக வங்கி 2021-இல் சொன்ன 21.6 கோடி என்ற எண், 2050-க்குள் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடியவர்களைப் பற்றியது, அதுவும் மோசமான நிலையில். உடனடியாகச் செயல்பட்டால் அதில் 80% வரை குறைக்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. தலைப்புச் செய்திகளில் இந்தப் பாதி வருவதில்லை. இடம்பெயரக்கூடப் பணம் இல்லாமல் மாட்டிக்கொள்பவர்களும் செய்தியாவதில்லை.

சட்டப்படி "காலநிலை அகதி" என்று யாரும் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கை துன்புறுத்தலுக்கு அஞ்சி வெளியேறுபவர்களுக்கானது, கடல் யாரையும் துன்புறுத்துவதாக அது கருதுவதில்லை. பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியைச் சேர்ந்த ஒருவர் நியூசிலாந்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2020-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவருக்குச் சாதகமாக முடிவு செய்யவில்லை. ஆனால் காலநிலையால் உயிருக்கே ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது உரிமை மீறலாகலாம் என்று சொல்லிவைத்தது. 2023-இல் துவாலு என்ற இன்னொரு பசிபிக் தீவு நாட்டோடு ஆஸ்திரேலியா போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 280 பேர் வரை குடியேற வழி விடுகிறது. துவாலுவில் இருப்பவர்களே ஏறக்குறைய பத்தாயிரம் பேர்.

நீதிமன்றத்துக்குப் போய் ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2019-இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், 2020-க்குள் உமிழ்வை 1990 அளவிலிருந்து குறைந்தது 25% குறைக்க வேண்டும் என்று அரசுக்குச் சொன்னது. 2024-இல் சுவிட்சர்லாந்தின் முதிய பெண்கள் சங்கம் ஒன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமே, காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரை வழங்கியது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் தொடங்கிவைத்த முயற்சி அது. தீர்ப்பை நடைமுறைப்படுத்துவது தனிச் சண்டை, ஃபோசெனில் பார்த்தோம்.

மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். மேலிருந்து உத்தரவு போட்டு முடித்துவிடலாமே?

இலங்கை 2021-இல் அதைத்தான் செய்தது. ரசாயன உர இறக்குமதியை ஏறக்குறைய ஒரே நாளில் தடை செய்து, நாடு முழுவதும் இயற்கை விவசாயம் என்று அறிவித்தது. இயற்கை உரம் போதிய அளவு இல்லை, பயிற்சி இல்லை, விவசாயிகளைக் கேட்கவும் இல்லை. நெல் விளைச்சல் பெரிய அளவில் சரிந்தது, தேயிலையும் அடிவாங்கியது. நவம்பருக்குள் தடையை விலக்க வேண்டியதாயிற்று. அந்நியச் செலாவணி நெருக்கடியும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எப்படியானாலும், படிப்படியாகச் செய்திருந்தால் நடந்திருக்கக்கூடிய ஒன்றின் பெயரையே அது கெடுத்துவிட்டது. இப்போது அங்கே இயற்கை விவசாயம் என்று வாயைத் திறந்தால் என்ன பதில் வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேட்டால் மக்கள் எப்போதும் மறுப்பார்கள் என்பதும் சரியில்லை. 2023 ஆகஸ்டில் எக்வடோர் மக்கள், யசுனி தேசியப் பூங்காவில் ஒரு எண்ணெய்ப் பகுதியை நிலத்துக்கடியிலேயே விட்டுவிட வேண்டும் என்று ஏறக்குறைய 59% வாக்களித்தார்கள். மஞ்சள் அங்கிக்குப் பிறகு பிரான்ஸ் குலுக்கல் முறையில் 150 குடிமக்களைக் கூட்டிக் கேட்டது. அவர்கள் 149 பரிந்துரைகள் தந்தார்கள், அவற்றில் பல அரசு யோசித்ததைவிடத் துணிச்சலானவை. நீர்த்துப்போகச் செய்தது பின்னால் வந்த அரசியல்.

சரி, முதலில் உமிழ்வைக் குறைப்போம், நீதியை அப்புறம் பார்ப்போம் என்றால் என்ன தவறு?

அவசரம் புரிகிறது, எனக்கும் அந்தப் பதற்றம் உண்டு. ஆனால் மேலே பார்த்தவற்றைத் திரும்பப் பாருங்கள். பிரான்சின் வரி, கனடாவின் வரி, இலங்கையின் உரம். மூன்றும் வெவ்வேறு காரணங்களுக்காகத் தடுக்கி விழுந்தன, ஆனால் எதுவும் தொழில்நுட்பம் போதாமல் விழவில்லை. மறுபக்கம், ரூர் போல எல்லோரையும் சமாதானப்படுத்திக்கொண்டு அறுபது ஆண்டு எடுக்க நமக்கு நேரமில்லை. நீதி என்ற சொல்லை வைத்தே மூடலைத் தள்ளிப்போடும் நிறுவனங்களும் உண்டு. "எங்கள் தொழிலாளர்கள் பாவம்" என்று திடீரென்று அவர்களுக்கு இரக்கம் வரும்போது, அதே நிறுவனம் ஒப்பந்தத் தொழிலாளருக்கு என்ன கொடுக்கிறது என்று பார்த்தால் போதும். இரண்டுக்கும் நடுவே சூத்திரம் எதுவும் என்னிடம் இல்லை. தேதியை நகர்த்தாமல் பணத்தை முன்கூட்டியே ஒதுக்குவது, இருப்பதில் நல்ல வழி என்று நினைக்கிறேன்.

எங்கள் பகுதியில் இப்படி ஒரு திட்டம் வந்தால் என்ன கேட்க வேண்டும்?

வாடகையோ இழப்பீடோ வாங்குவோர் பட்டியலைக் கேளுங்கள். அதில் இல்லாதவர்கள் யார் என்று உள்ளூரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். மின்சாரம் எங்கே போகிறது, உள்ளூருக்குக் கிடைக்குமா, பங்கு வாங்க வழி உண்டா என்று கேளுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் எந்த நேரத்தில், எந்த மொழியில், எங்கே என்று பாருங்கள். வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிறவர் வர மாட்டார், வரவில்லை என்பதே சம்மதமாகப் பதிவாகும். இன்னொன்று பலருக்குத் தோன்றாது. இருபத்தைந்து ஆண்டு கழித்து பலகைகளும் தூண்களும் தேய்ந்த பிறகு யார் செலவில் அகற்றுவார்கள், அந்தப் பணம் இப்போதே எங்காவது கட்டிவைக்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வாய்மொழியாக வந்தால் மறுபடியும் எழுத்தில் கேளுங்கள்.